பழைய மசில் காரின் பின்பக்கம்: ஏர் ஷாக்கா, புது ஸ்பிரிங்கா, காயில் ஓவரா?

1964இல் பான்டியாக் ஜிடிஓ வந்தது முதல் எழுபதுகளின் தொடக்கம் வரை அமெரிக்காவின் டெட்ராய்ட் நிறுவனங்கள் வெளியிட்ட மசில் கார்களை (பெரிய எஞ்சின் பொருத்திய வேகக் கார்களை) இன்று வைத்திருப்பவர்களில் பலர், ஒரு கட்டத்தில் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். ஐம்பது ஆண்டு உழைத்த ஸ்பிரிங் தளர்ந்து பின்பக்கம் இறங்கிவிட்டது. அல்லது அகலமான டயரைப் போட்டதும் அது மட்கார்டின் உள்விளிம்பில் உரசுகிறது. பின்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்க வேண்டும். கடையில் ஒரு ஜோடி ஏர் ஷாக் (காற்றடைத்து நீட்டும் ஷாக் அப்சார்பர்) நூற்றுச் சொச்சம் டாலருக்குக் கிடைக்கிறது. ஒரே மதியத்தில் மாட்டிவிடலாம். புது ஸ்பிரிங்கோ அதைப்போல் மூன்று நான்கு மடங்கு விலை, வேலையும் அதிகம். ஷாக்கைச் சுற்றியே சுருள் அமைந்த காயில் ஓவர் என்றால் கணக்கு ஆயிரங்களில் போய் நிற்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏர் ஷாக் என்பது ஏறி இறங்கும் சுமைக்காக உண்டான கருவி. தளர்ந்த ஸ்பிரிங்கின் இடத்தை அதற்குக் கொடுத்தால், வாங்கும்போது மிச்சப்பட்ட பணம் பின்னால் உடைந்த பிராக்கெட்டாகவும் கிழிந்த டயராகவும் திரும்பிவரும். ஆனாலும் அதுவே சரியான தேர்வாக அமையும் சூழ்நிலைகள் உண்டு. அவற்றையும் சேர்த்தே எடை போடுவோம்.

## எதையும் வாங்குமுன் அளக்க வேண்டியது

காரைச் சமதளத்தில் நிறுத்தி, பெட்ரோல் டேங்கை நிரப்பி, டயர் காற்றைச் சரிபார்த்த பிறகு, அந்த மாடலின் ஒர்க்‌ஷாப் மேனுவல் சொல்லும் இடங்களிலிருந்து நான்கு மூலைகளின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் இரண்டு பக்கமும் ஒரே அளவு தாழ்ந்திருந்தால் அது ஸ்பிரிங் தளர்ச்சி. ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால், பட்டை ஸ்பிரிங்கில் (எஃகுப் பட்டைகளால் ஆன லீஃப் ஸ்பிரிங்கில்) ஒரு பட்டை உடைந்திருக்கலாம், இணைப்பிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம், இல்லையென்றால் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் சேசிஸ் பகுதியே துருப்பிடித்து உள்வாங்கியிருக்கலாம். கடைசியாகச் சொன்னது இருந்தால் வேறு எந்தப் பேச்சும் வேண்டாம். முதலில் வெல்டிங் வேலைதான்.

பின்பக்கம் தாழ்ந்ததாகத் தோன்றுவது முன்பக்கம் உயர்ந்திருப்பதாலும் இருக்கலாம். கனமான பிக் பிளாக் எஞ்சினுக்கான முன் ஸ்பிரிங்கோடு இலகுவான ஸ்மால் பிளாக் எஞ்சினை மாட்டிய கார்களில் இதைப் பார்க்கலாம். டாட்ஜ் சார்ஜர், பிளிமத் ரோட் ரன்னர் போன்ற கிரைஸ்லர் கார்களில் முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுத் தண்டு. அதன் சரிசெய் போல்ட்டை ஒரு ஸ்பேனரால் திருப்பியே முன் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். செலவே இல்லாத இந்த வேலையைச் செய்து பார்க்காமல் பின்பக்கத்துக்குப் பணம் போடக் கூடாது.

## எந்தெந்த அளவுகோல்கள்

முதலாவதும் முக்கியமானதும், காரின் எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பது. தொழிற்சாலையில் வரைந்த வடிவமைப்பில் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்; அது உட்காரும் இருக்கையும் மாட்டப்படும் பிராக்கெட்டும் அதற்கேற்ற பலத்தோடு செய்யப்பட்டவை. ஷாக் அப்சார்பரின் வேலை ஆட்டத்தை அடக்குவது மட்டுமே. ஜெனரல் மோட்டார்ஸின் ஏ-பாடி கார்களில், அதாவது 1964 முதல் 1972 வரையிலான ஷெவல், ஜிடிஓ, கட்லஸ் 442, ஸ்கைலார்க் ஜிஎஸ் ஆகியவற்றில், பின் ஷாக்கின் மேல்முனையைப் பிடித்திருப்பவை இரண்டு சிறு போல்ட்டுகள். கீழ்முனை ஒரே ஒரு ஸ்டட்டில் (மரையிட்ட தண்டில்) தொங்குகிறது. அறுபதுகளின் மஸ்டாங்கில் ஷாக்கின் மேல் ஸ்டட் டிக்கியின் தரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து, டிக்கிக்குள் நட்டு போட்டு முறுக்கப்படுகிறது. இந்த இடங்களில் நிலையான எடையை ஏற்றுவது அவற்றுக்கு விதிக்கப்படாத வேலை.

இரண்டாவது, தூக்கிய உயரம் அப்படியே நிற்குமா என்பது. மூன்றாவது, ஓட்டும் தன்மை. இதைப் பலர் கவனிப்பதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 112 அங்குல வீல்பேஸ் கொண்ட ஷெவலின் பின்பக்கத்தை ஓர் அங்குலம் தூக்கினால் கார் முழுவதும் ஏறத்தாழ அரை டிகிரி முன்னோக்கிச் சாய்கிறது. முன் சக்கரங்களின் கேஸ்டர் கோணமும், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவும், அதே அளவு குறைகிறது. அந்தக் காலத்து அலைன்மென்ட் அளவுகளில் கேஸ்டர் சுழியத்தை ஒட்டியே இருந்தது. மூன்று அங்குலம் தூக்கிவிட்டு அலைன்மென்ட் பார்க்காமல் நெடுஞ்சாலையில் போனால் ஸ்டீயரிங் நேரே நிற்காமல் அலைவதற்குக் காரணம் இதுதான். மேலும், பின்பக்கம் உயரும்போது பட்டை ஸ்பிரிங்கின் முன்கண் (முன்முனையில் போல்ட் நுழையும் வளையம்), அல்லது ஆக்ஸிலைச் சேசிஸோடு இணைக்கும் கீழ் கன்ட்ரோல் ஆர்மின் முன்முனை, ஆக்ஸிலைவிட மேலே போய்விடுகிறது. அந்த நிலையில் கார் திருப்பத்தில் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் பின்னோக்கியும் உள்பக்கச் சக்கரம் முன்னோக்கியும் நகர்கின்றன. பின் ஆக்ஸில் முழுவதும் திருப்பத்துக்கு வெளியே திரும்பிப் பார்க்கிறது. வால் வழுக்க இது போதும். எந்த வழியில் தூக்கினாலும் இந்த விளைவு வரும். ஆகவே தேவைக்கு மேல் தூக்காதிருப்பதே எல்லா வழிகளுக்கும் பொதுவான விதி.

நான்காவது அளவுகோல் மொத்தச் செலவு. ஐந்தாவது, பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பது.

## ஏர் ஷாக்

சாதாரண ஷாக்கின் உடலைச் சுற்றி ஒரு ரப்பர் உறை. அதற்குள் காற்றை அடைத்தால் ஷாக் நீண்டு காரைத் தூக்கும். கேப்ரியல் நிறுவனத்தின் ஹைஜாக்கர், மன்ரோவின் மேக்ஸ் ஏர் ஆகியவை நெடுங்காலமாக அறியப்பட்ட பெயர்கள். இது வெளிக்கடைக்காரர்களின் கண்டுபிடிப்பு மட்டும் அன்று. ஜெனரல் மோட்டார்ஸே சூப்பர்லிஃப்ட் என்ற பெயரில் பின் ஏர் ஷாக்குகளை விருப்பத்தேர்வாக விற்றது. ஆனால் அது விற்றது எதற்காக என்பதைக் கவனிக்க வேண்டும். டிக்கியில் பெட்டிகளும் பின்னால் டிரெய்லரும் சேரும்போது பின்பக்கம் அமுங்காமல், வெறும் காராக ஓடும் உயரத்திலேயே நிற்க வேண்டும் என்பதற்காக. சுமை இறங்கியதும் காற்றும் இறங்கிவிடும். எழுபதுகளில் இளைஞர்கள் இதையே வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எல்60-15 போன்ற அகல டயரைக் கிராகர் எஸ்எஸ் சக்கரத்தில் மாட்டி, அது மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்க, உரசாமல் இருப்பதற்காகப் பின்பக்கத்தை எப்போதும் தூக்கியே வைத்தார்கள். பிரச்சினைகள் தொடங்கியது அங்கேதான்.

எடை விஷயத்தில் ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஷாக்கின் காற்று அறை தள்ளும் பரப்பு 4 சதுர அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) அழுத்தத்தில் ஒவ்வொரு ஷாக்கும் 400 பவுண்டு விசையோடு தள்ளும். அதாவது காரின் பின் எடையில் 800 பவுண்டு ஸ்பிரிங் இருக்கையை விட்டு விலகி, மேலே சொன்ன சிறு போல்ட்டுகளுக்கும் டிக்கித் தகட்டுக்கும் போய்விட்டது. அதுவும் நின்ற நிலையில்; பள்ளத்தில் விழும்போது விசை இதைவிடப் பெரிது. பழைய ஏர் ஷாக் காரின் டிக்கியில் கம்பளத்தை விலக்கிப் பார்த்தால், ஷாக் ஸ்டட்டைச் சுற்றித் தகடு சூரியக் கதிர்போல் விரிசல் விட்டிருப்பதையும், யாரோ ஒருவர் பெரிய வாஷர் வைத்து அதை மறைத்திருப்பதையும் காணலாம். ஏ-பாடியில் கீழ் ஸ்டட் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த ஸ்டட் ஒருநாள் முறியும்.

உயரம் நிலைப்பதில்லை என்பது அடுத்த குறை. மெல்லிய பிளாஸ்டிக் குழாய், ஓ-ரிங், இணைப்பு, வால்வு என்று கசிவதற்கு இடங்கள் பல. டெயில் பைப்புக்கு அருகில் குழாய் போனால் உருகிவிடும். கசிவே இல்லாவிட்டாலும் குளிர் விடாது: 30 டிகிரி செல்சியஸில் 80 பிஎஸ்ஐ அடைத்துவைத்த காற்று, மிச்சிகனின் இலையுதிர்காலக் காலையில் 0 டிகிரிக்கு வரும்போது ஏறத்தாழ 70 பிஎஸ்ஐக்கு இறங்கிவிடும். சுமைக்காகக் காற்று அடைத்தவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. டயர் உரசாமல் இருப்பதே காற்றின் கருணையில் என்று வைத்திருப்பவருக்கு, ஒரு குழாய் விட்டுப்போனால் மட்கார்டின் விளிம்பு ஓடும் டயரின் பக்கச்சுவரை அறுக்கும். ஏர் ஷாக்கின் மெய்யான ஆபத்து இதுவே. சவாரி கரடுமுரடாக இருப்பது இதற்கு முன் சின்ன விஷயம்.

இரண்டு ஷாக்குகளையும் டி-இணைப்பால் ஒரே குழாயில் சேர்ப்பதா, தனித்தனிக் குழாய் விடுவதா என்பதும் முக்கியம். ஒரே குழாய் என்றால் திருப்பத்தில் அமுங்கும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடிவிடும். கார் சாய்வதை ஏர் ஷாக் தடுக்கவே தடுக்காது. தனிக் குழாய் இருந்தால் இந்தக் குறை இல்லை. டிராக் பந்தயத்தில் (நேர்கோட்டில் குறுந்தூரம் ஓடும் பந்தயத்தில்) வண்டி புறப்படும்போது எஞ்சின் முறுக்கால் வலது பின்சக்கரம் எடை இழக்கும் என்பதால், வலப்பக்கத்தில் மட்டும் சற்றுக் கூடுதல் காற்று வைப்பதும் அப்போதுதான் சாத்தியம்.

மாட்டத்தான் போகிறீர்கள் என்றால் சில விதிகள். காற்றே இல்லாத நிலையிலும் டயர் எங்கும் உரசக் கூடாது. உறை மடிந்து கடிபடாமல் இருக்க, தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச அழுத்தம், வழக்கமாக 20 பிஎஸ்ஐ அளவு, எப்போதும் உள்ளே இருக்க வேண்டும். 150 பிஎஸ்ஐ என்று பெட்டியில் போட்டிருப்பது உச்ச எல்லை. அன்றாடம் அங்கே வைத்து ஓட்டுவதற்கான அளவு அன்று. ஷாக் முழுவதும் நீண்டு நின்றுவிட்டால், சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல் ஒவ்வொரு மேட்டைத் தாண்டும்போதும் 'டங்'கென்று அடி விழும். அந்த அடியும் அதே போல்ட்டுகளுக்குத்தான்.

## புது ஸ்பிரிங், நல்ல ஷாக்

காரின் பின்பக்கம் தளர்ந்திருந்தால் நேர்வழி இதுதான். எடை இறங்க வேண்டிய இடத்தில் இறங்குகிறது, உயரம் காலையிலும் மாலையிலும் ஒன்றாக இருக்கிறது, கசிவதற்கு எதுவும் இல்லை. 1937 முதல் இயங்கும் ஈட்டன் டெட்ராய்ட் ஸ்பிரிங் போன்ற நிறுவனங்கள் அந்தந்த மாடலின் பழைய அளவுப்படியே பட்டை ஸ்பிரிங் செய்து தருகின்றன. தொழிற்சாலை உயரத்தைவிட ஓர் அங்குலம் கூடுதல் வேண்டும் என்றாலும் சொல்லி வாங்கலாம். ஏ-பாடி போன்ற சுருள் ஸ்பிரிங் கார்களுக்கு வேலை இன்னும் எளிது: ஷாக்கின் கீழ்முனையைக் கழற்றி, பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொண்டு ஆக்ஸிலை இறக்கினால் சுருள் கையோடு வந்துவிடும்.

எந்தக் கார் என்பதைப் பொறுத்துத் தேர்வும் மாறும். 1967 கமாரோவுக்குப் பின்னால் ஒற்றைப் பட்டைதான். வேகமாகக் கிளப்பினால் ஆக்ஸில் துள்ளும். 1968இல் செவ்ரோலேவே பலம் கூடிய எஞ்சின்களுக்குப் பல பட்டைகளைக் கொடுத்து, ஷாக்குகளில் ஒன்றை ஆக்ஸிலுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் மாற்றி வைத்தது. ஆகவே 1967 காரில் உயரமும் குறைந்து துள்ளலும் இருந்தால், பல பட்டை ஸ்பிரிங்குக்கு மாறுவது இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து. கிரைஸ்லர் கார்களில் ஆக்ஸில் பட்டையின் நடுவில் உட்காருவதில்லை. முன்பகுதி குட்டை, பின்பகுதி நீளம். குட்டையான முன்பகுதி ஆக்ஸில் முறுக்கிக்கொள்வதைத் தானே தடுத்துவிடும். சூப்பர் ஸ்டாக் என்று விற்கும் ஸ்பிரிங்குகள் டிராக் பந்தயத்துக்காக வலமும் இடமும் வேறுவேறாகச் செய்யப்பட்டவை. பின்பக்கத்தை நன்றாகவே தூக்கும். வளைந்து நெளிந்த சாலையில் ஓட்டுகிறவருக்கு அவை பொருந்தாது.

மறைவுச் செலவுகள் இங்கும் உண்டு. பழைய யு-போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. முன்கண் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருவால் ஒட்டிக்கொண்டிருந்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கராஜில் அரைநாள் அதிலேயே போகும். ரப்பர் புஷ் என்றால், காரைத் தரையில் இறக்கி எடை முழுவதும் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கண் போல்ட்டுகளை இறுதியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், புஷ் முறுக்கிய நிலையிலேயே இறுகி விரைவில் கிழியும், உயரமும் பொய்யாகக் காட்டும். சில நூறு மைல் ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு யு-போல்ட்டை மீண்டும் சோதிக்க வேண்டும். மலிவாக முடிக்கலாம் என்று பழைய பட்டையையே அடித்து வளைத்துப் போடுகிறார்கள். அது பெரும்பாலும் திரும்பத் தாழ்கிறது.

ஸ்பிரிங்கின் குறை ஒன்றே: சுமைக்கேற்ப அதை மாற்ற முடியாது. டிரெய்லர் இழுப்பதற்காகத் தடித்த ஸ்பிரிங் போட்டால், மற்ற நாள் முழுவதும் வெறும் கார் குதித்துக்கொண்டே ஓடும்.

## சுருளுக்குள் காற்றுப் பை

சுருள் ஸ்பிரிங் கார்களுக்கு மட்டும் உரிய இந்த வழியை, ஏர் ஷாக் வாங்கப் போகும் ஏ-பாடி உரிமையாளர்களில் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. உருளை வடிவப் பை ஒன்றைச் சுருளுக்குள் நுழைத்துக் காற்றடைப்பது. ஏர் லிஃப்ட் 1000 என்பது இதில் பரவலாக அறியப்பட்டது. 5 முதல் 35 பிஎஸ்ஐ வரையில் வேலை செய்கிறது. அழுத்தம் குறைவு, கசிவும் குறைவு. எல்லாவற்றையும்விட, பை தள்ளுவது ஸ்பிரிங் இருக்கையை. ஷாக் போல்ட்டுக்கு ஒரு பவுண்டுகூடப் போவதில்லை. நல்ல ஷாக்கையும் தனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். டிராக் பந்தயக்காரர்கள் வலப்பக்கச் சுருளில் மட்டும் ஒரு பை வைப்பதும் பழைய பழக்கம். விலை ஏர் ஷாக்கை ஒட்டியதே. டெயில் பைப்பின் வெப்பத்திலிருந்து பையைக் காக்க வேண்டும். சுருளே செத்துப்போயிருந்தால் பையால் அதை உயிர்ப்பிக்க முடியாது. ஏ-பாடியில் ஏறி இறங்கும் சுமைதான் பிரச்சினை என்றால், ஏர் ஷாக்கைவிட இதையே நான் பரிந்துரைப்பேன்.

## நீண்ட ஷேக்கிளும் ஸ்பேசரும்

பட்டை ஸ்பிரிங்கின் பின்முனையில் நீளமான ஷேக்கிளை (பின்கண்ணைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் தகட்டை) போட்டுத் தூக்குவது எல்லாவற்றிலும் மலிவு. அதில் பின்கண் மட்டும் இறங்குவதால் பட்டை முழுவதும் பின்னோக்கிச் சாய்ந்து, டிஃபரன்ஷியலின் மூக்கும் மேல்நோக்கித் திரும்பும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயிண்ட் கோணம் கெட்டு அதிர்வு வரும். நீண்ட ஷேக்கிள் பக்கவாட்டிலும் ஆடும். அரை அங்குலத்துக்கு மேல் இதை நம்ப வேண்டாம். சுருளின் இடையில் திருகிச் செருகும் ஸ்பேசர்களை வாங்கவே வேண்டாம்.

## காயில் ஓவர்

ஷாக்கைச் சுற்றியே சுருளை அமைத்து, திருகித் திருகி உயரத்தைச் சரிசெய்வது இது. பட்டை ஸ்பிரிங்கை முற்றிலும் எடுத்துவிட்டு, புதிய கிராஸ்மெம்பரும் நான்கு இணைப்புக் கம்பிகளும் சேர்ந்து வரும் முழுத் தொகுப்புகள், கமாரோவுக்கான டெட்ராய்ட் ஸ்பீட் குவாட்ராலிங்க் போன்றவை, ஓட்டும் தன்மையில் காரை வேறு பிறவியாகவே மாற்றிவிடும். எடையைத் தாங்க வெல்டிங் செய்த புதிய இடமும் அதில் சேர்ந்தே வருகிறது. விலையும் அதற்கேற்ப ஆயிரங்களில். வெல்டிங் கூலி தனி. காரின் எண்ணோடு பொருந்தும் எஞ்சினோடு அசலாக மிஞ்சியிருக்கும் ஒரு காரின் சேசிஸை வெட்டுவது விற்பனை மதிப்பைக் குறைக்கும், வெட்டியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

கடைக்காரர்கள் சொல்லாத ஒன்று உண்டு. பழைய ஷாக் போல்ட்டுகளிலேயே மாட்டும் மலிவான காயில் ஓவர்கள், எடை விஷயத்தில் ஏர் ஷாக் செய்யும் அதே தவற்றைச் செய்கின்றன, அதுவும் முழு எடையோடு. மேல் மவுண்ட்டை வலுப்படுத்தும் பிராக்கெட் பெட்டியில் இல்லையென்றால் அந்தப் பொருளைத் தொடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | ஏர் ஷாக் | புது ஸ்பிரிங் | சுருள் காற்றுப் பை | நீண்ட ஷேக்கிள் | காயில் ஓவர் தொகுப்பு |
|---|---|---|---|---|---|
| எடை இறங்கும் இடம் | ஷாக் போல்ட் | ஸ்பிரிங் இருக்கை | ஸ்பிரிங் இருக்கை | ஸ்பிரிங் பிராக்கெட் | புதிய கிராஸ்மெம்பர் |
| உயரம் நிலைப்பது | கசிவையும் குளிரையும் பொறுத்தது | நிலையானது | பெரும்பாலும் நிலைக்கும் | நிலையானது | நிலையானது, மாற்றலாம் |
| சுமைக்கேற்ப மாற்றம் | எளிது | இயலாது | எளிது | இயலாது | திருகி மாற்றலாம், அன்றாடம் அன்று |
| வாங்கும் செலவு | குறைவு | நடுத்தரம் | குறைவு | மிகக் குறைவு | மிக அதிகம் |
| மறைவுச் செலவு | விரிசல், டயர் சேதம் | புஷ், யு-போல்ட், உழைப்பு | வெப்பத் தடுப்பு | ஜாயிண்ட் அதிர்வு | வெல்டிங், அசல் மதிப்பு |
| பழைய நிலைக்குத் திரும்புதல் | எளிது | தேவைப்படாது | எளிது | எளிது | கடினம் |

## யாருக்கு எது

ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்து, கோடையில் சிலமுறை டிரெய்லர் இழுப்பவர் அல்லது பின்சீட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கண்காட்சிக்குப் போகிறவர், பட்டை ஸ்பிரிங் கார் வைத்திருந்தால் ஏர் ஷாக் அவருக்குப் பொருந்தும். எழுபதுகளின் தெருத் தோற்றத்தை அப்படியே காப்பாற்ற விரும்புகிறவருக்கும் அது அந்தக் காலத்துக்கே உரிய பொருள். ஆனால் தோற்றத்துக்கான உயரத்தில் பெரும்பங்கை ஸ்பிரிங்கில் வாங்கிக்கொண்டு, கடைசி அரை அங்குலத்தை மட்டும் காற்றிடம் விடுவது நல்லது. டயர் உரசுவதுதான் பிரச்சினை என்றால் எதையும் தூக்க வேண்டியதில்லை. சரியான பேக்ஸ்பேசிங் (சக்கரத்தின் உள்விளிம்புக்கும் அது மாட்டப்படும் தளத்துக்கும் இடையிலான தூரம்) உள்ள சக்கரத்தை வாங்கி, மட்கார்டின் உள்விளிம்பை மடித்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்; ஏர் ஷாக்கைத் தேடிவருகிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது வேறு சக்கரம்தான். சாலையில் சுகமாக ஓட்ட விரும்பும் எவருக்கும் புது ஸ்பிரிங். வளைவுகள் உள்ள பந்தயத் தடத்தில் வட்டமடித்து நேரம் குறைக்க நினைப்பவருக்கும், ஏற்கெனவே அசல் தன்மை இழந்த காரை வைத்திருப்பவருக்கும் காயில் ஓவர் தொகுப்பு தகும்.

ஏற்கெனவே ஏர் ஷாக் மாட்டிய காரை வாங்கப் போகிறவர், விலை பேசுமுன் விற்பவரிடம் கேட்டு, லைசென்ஸ் பிளேட்டின் பின்னாலோ டிக்கிக்குள்ளோ இருக்கும் வால்வைத் திறந்து காற்றை முழுவதும் விட்டுப் பார்க்க வேண்டும். பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறதோ அதுவே ஸ்பிரிங் இழந்த பலத்தையும், டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே மெய்யாக உள்ள இடைவெளியையும் காட்டும். இறங்கிய நிலையிலேயே டிக்கிக் கம்பளத்தை விலக்கி ஷாக் மவுண்ட்டைச் சுற்றியுள்ள தகட்டையும், டார்ச் அடித்துக் கீழ் ஸ்டட்டையும் பாருங்கள். விரிசல் இருந்தால், ஒரு ஜோடி ஸ்பிரிங், யு-போல்ட், புஷ், தகட்டு வெல்டிங் ஆகியவற்றின் செலவைக் கேட்ட விலையிலிருந்து கழித்துக்கொண்டு பேச்சைத் தொடங்கலாம்.